ஒன்பது அடி பங்கரும் ஒரு புடையனும்

கதை சின்னது. 1991 மாரிகாலம். போர்க்காலம். யாழ்ப்பாணத்தில் உரும்பிராய்ப் பக்கத்தில் ஒரு வளவு. மைமல் நேரத்தில் ஹெலி (ஹெலிகொப்டர்) சுற்றத் தொடங்குகிறது. அம்மம்மா, அவரின் பன்னிரண்டு வயதுப் பேத்தி, பேத்தியின் சித்தப்பா மூன்று பேரும் பங்கருக்குள், அதாவது வளவில் வெட்டிய பதுங்குகுழிக்குள் இறங்குகிறார்கள். உள்ளே கணுக்கால் அளவுக்கு மழைத்தண்ணீர். இறங்கிக் கொஞ்ச நேரத்தில், அந்தத் தண்ணீரில் தங்களோடு ஒரு புடையனும் (கண்ணாடி விரியன்) இருக்கிறது என்று பேத்திக்குத் தெரிந்துவிடுகிறது. வெளியே போனால் ஹெலி சுடும். உள்ளே இருந்தால் பாம்பு. பதினெட்டு நிமிடக் குறும்படம் முழுக்க இவ்வளவுதான். கமரா ஒருமுறைகூட வெளியே வராது.

எழுதி இயக்கியது என் மச்சான். பங்கர் செட், வெளிச்சம், சத்தம் மூன்றும் என் பொறுப்பு. ஐந்து மாதம் இதோடு கிடந்தேன். என்ன செய்தோம், எது சரிவரவில்லை, எதை மாற்றினோம் என்பதைக் கை மறக்க முன்னம் எழுதி வைக்கிறேன்.

பாம்பு விஷயம் மச்சானின் கற்பனை அல்ல. எங்கள் பக்கத்தில் பங்கர் வைத்திருந்த வீடுகளில் கேட்டால் பாம்புக் கதை ஒன்றாவது வரும். மழை பெய்தால் புற்றுக்குள் தண்ணீர் போகும், அவையும் காய்ந்த இடம் தேடித்தானே வரும். "மேலை ஹெலி, கீழை இது. நாங்கள் பாத்துப் பாத்துத்தான் காலை வைக்கிறது" என்று எங்கள் அம்மம்மா சொன்ன ஒரு வசனத்திலிருந்துதான் கதையே பிறந்தது.

முதலில் உண்மையான பங்கரே வெட்டினோம். பெரியப்பா வளவின் பின்பக்கம், தோட்டக் காணியை ஒட்டி. மண்வெட்டியும் அலவாங்கும். மேலே மூன்றடி நல்ல செம்மண், வெண்ணெய் மாதிரி வந்தது. அதற்குக் கீழே சுண்ணாம்புக்கல். அலவாங்கு பட்டால் தெறித்துத் திரும்பி வரும். ஐந்து நாளில் நாலரை அடிதான் இறங்க முடிந்தது. ஐப்பசிக் கடைசியில் வெட்டியது பெரிய பிழை. கார்த்திகை பிறந்து இரண்டு இரவு மழை பெய்தது, முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. மூன்றாம் நாள் காலை போய்ப் பார்த்தால் ஒரு பக்கச் சுவர் சரிந்து உள்ளே விழுந்திருந்தது. ஒரு ஆள் குந்தியிருக்கும் இடம் முழுக்க மண்.

அன்றைக்கே முடிவெடுத்தோம், ஒரு பிள்ளையை நடிக்க வைத்து இதற்குள் படம் எடுப்பதில்லை என்று. குழி வெட்டி மரம் அடுக்கினால் "அசலாக இருக்கும்" என்று யாராவது யோசித்தால், தயவுசெய்து வேண்டாம். அம்மம்மா வந்து குழியை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அந்த நாளையிலை எங்களுக்கு வேற வழி இல்லை. உங்களுக்கு இருக்குத்தானே."

அப்புறம் வேலை பெரியப்பாவின் உழவு இயந்திரக் கொட்டிலுக்கு மாறியது. இருபதடிக்குப் பதினாலடி, மேலே தகரம், கீழே சீமெந்து நிலம். நிலத்துக்கு மேலே ஒரு பங்கரைக் கட்டுவது என்று தீர்மானம்.

வடிவம் பற்றி யோசிக்க அதிகம் இருக்கவில்லை. அந்தக் காலத்தில் பலர் பங்கரை 'ட' வடிவில் வெட்டினார்கள். குண்டுச் சிதறல் நேர்கோட்டில் வரும், வளைவு இருந்தால் உள்ளே இருப்பவருக்குப் படாது. உயிருக்காக யோசித்த அதே வளைவு படத்துக்கும் உதவியது. நீளக் கையில் இருப்பவருக்குக் குட்டைக் கையின் மூலை தெரியாது. பாம்பு அங்கே இருக்கலாம். நீளக் கை ஒன்பது அடி, குட்டைக் கை நாலடி, உயரம் ஐந்தடி. வளர்ந்தவர் யாரும் நிமிர்ந்து நிற்க முடியாது. இந்த ஐந்தடியை மச்சான் ஆறாக்கச் சொன்னான், கமராவுக்கு வசதி என்று. நான் விடவில்லை. தலை குனிந்தே இருக்க வேண்டிய இடத்தில் மனிதரின் மூச்சே வேறு மாதிரி வரும். அதை நடிப்பால் கொண்டுவர முடியாது.

அகலத்தில்தான் எங்கள் முக்கியமான வேலை. சிட்னி லூமெட் 1957இல் எடுத்த '12 ஆங்கிரி மென்' படம் கிட்டத்தட்ட முழுவதும் ஒரே அறைக்குள் நடக்கும். படம் போகப் போக அவர் நீளமான லென்ஸுகளுக்கு மாறினார், கமராவையும் கண் மட்டத்துக்கு மேலிருந்து கீழே இறக்கிக்கொண்டு வந்தார். அதனால் அறை சுருங்குவது போலத் தெரியும். எங்கள் பங்கரில் லென்ஸால் மட்டும் அதைச் செய்ய இடம் போதாது. ஆகவே சுவரையே நகர்த்தினோம். நிலத்தில் பதித்த பலகையில் மூன்று வரிசைத் துளை. நீளச் சுவரின் அடிக்கட்டையில் நாலு போல்ட். தொடக்கத்தில் அகலம் 42 அங்குலம். பாம்பு இருப்பது தெரிந்த பிறகு 36. கடைசி ஆறு நிமிடத்துக்கு 31. போல்ட்டைக் கழற்றி, மூன்று பேர் சேர்ந்து தள்ளி, திரும்ப இறுக்கக் கால் மணித்தியாலம் போதும்.

31 அங்குலத்தில் சித்தப்பாவாக நடித்தவரின் முழங்கால் எதிர்ச்சுவரில் முட்டியது. அவர் தானாகவே காலை மடக்கி, உடம்பைச் சரித்து உட்கார்ந்தார். அந்தக் காட்சியில் அவரிடம் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. படத்தைத் தொகுத்த நண்பனுக்குச் சுவர் நகர்ந்த விஷயத்தை நாங்கள் சொல்லவில்லை. அவன் கண்டுபிடிக்கவும் இல்லை. "கடைசிப் பக்கம் பாக்க மூச்சு முட்டுது" என்று மட்டும் சொன்னான். எனக்கு அது போதும்.

ஒரே சவப்பெட்டிக்குள் நடக்கும் 'பரீட்' (2010) படத்துக்கு ஏழு பெட்டிகள் செய்தார்கள், 17 நாளில் எடுத்து முடித்தார்கள் என்று வாசித்திருந்தேன். ஏழு செய்ய எங்களிடம் வசதி இல்லை. ஆனால் அந்த யோசனையை வைத்துக்கொண்டு, குட்டைக் கையின் மூலையை மட்டும் தனியாக இன்னொன்று செய்தேன். பாம்புக் காட்சிகள் எல்லாம் அந்த மூன்றடி மூலையில் எடுத்தவை. அதற்கு மேற்கூரை கிடையாது, மேலிருந்து கை விட்டு வேலை செய்யலாம்.

இனி சுவர். இரண்டுக்கு இரண்டு சட்டத்தில் பிளைவூட் அடித்து, அதன்மேல் குழைத்த செம்மண் பூசினேன். இரண்டு நாளில் வெடித்து, மூன்றாம் நாள் தகடு தகடாக விழுந்தது. பிளைவூட்டில் மண்ணுக்குப் பிடிமானமே இல்லை. இரண்டாம் முறை கோழிக்கூட்டு வலையை அடித்து, அதன்மேல் சாக்கைச் சீமெந்துப் பாலில் தோய்த்து ஒட்டினேன். அது காய்ந்த பிறகு, பொடியாக நறுக்கிய வைக்கோலும் மரம் ஒட்டும் வெள்ளைப் பசையும் கலந்த செம்மண்ணை மெல்லிசாக மூன்று தடவை பூசினேன். ஒவ்வொரு பூச்சும் நன்றாகக் காயவிட வேண்டும். அவசரப்பட்டால் திரும்ப வெடிக்கும். இதற்கே பன்னிரண்டு நாள் போனது.

பூசி முடித்து நின்று பார்த்தால் ஏதோ ஒன்று பிழையாக இருந்தது. அழகான மண் சுவர், ஆனால் யாழ்ப்பாணத்துக் குழி இல்லை. பின்வளவில் நாங்கள் வெட்டிய குழியில் போய் உட்கார்ந்த பிறகுதான் பிடிபட்டது. எங்கள் மண்ணில் மேலேதான் சிவப்பு. இடுப்புக்குக் கீழே வெள்ளைக் கல் துருத்திக்கொண்டிருக்கும். குழியிலிருந்து எடுத்த அந்தச் சுண்ணாம்புக்கற்களையே உடைத்து, தட்டையான துண்டுகளைச் சுவரின் கீழ்ப்பாதியில் பதித்தேன். மறுநாள் அம்மம்மா உள்ளே வந்து கையால் தடவிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே குந்தியிருந்தார்.

கூரைக்குப் பனங்குற்றி அடுக்குவதுதான் வழக்கம். அம்மம்மா வீட்டுப் பங்கரில், தண்டவாளத்துக்குக் கீழே போடும் சிலிப்பர் கட்டையும் இரண்டு இருந்ததாம். 1990இல் யாழ்தேவி (கொழும்பு–யாழ்ப்பாணம் ரயில்) நின்ற பிறகு தண்டவாளமும் சிலிப்பரும் எத்தனையோ பங்கருக்குக் கூரையாகப் போயின. திரும்ப ரயில் வர 2014 ஆகிவிட்டது. இப்போது ஒரு படத்துக்காகப் பனை தறிக்க எனக்கு மனமும் இல்லை, அதற்கு அனுமதியும் எடுக்க வேண்டும். மர ஆலையில் தென்னங்குற்றி அரியும்போது முதலில் கழித்து எறியும், பட்டையோடு கூடிய ஓரப் பலகைகளை வாங்கினேன். ஒரு பக்கம் உருண்டை, மறுபக்கம் தட்டை. உருண்டைப் பக்கம் கீழே வர அடுக்கினால் உள்ளிருந்து பார்ப்பவருக்கு முழுக் குற்றிதான். பாரம் கால்வாசிகூட இல்லை. அதற்கு மேல் உரப்பை மூட்டைகள், உள்ளே மண்ணுக்குப் பதில் உமி. ஒரு மூட்டை ஏழு கிலோ கூட வராது. பிள்ளையின் தலைக்கு மேல் பாரமான எதையும் வைக்கக் கூடாது என்பதில் பெரியப்பா கண்டிப்பாக இருந்தார். ஒவ்வொரு நாள் காலையும் அவரே ஏறி நின்று பார்த்த பிறகுதான் நடிகர்களை உள்ளே விடுவார்.

சூடு பக்கத்தில் விழும்போது கூரையிலிருந்து மண் கொட்ட வேண்டும். செம்மண்ணை அரித்துப் போட்டுப் பார்த்தோம், முதல் தடவையே எல்லோருக்கும் கண் சிவந்தது. வறுத்த சிவப்பரிசி மா நிறத்தில் கிட்ட வந்தது, ஆனால் "புட்டு மாவை நிலத்திலை கொட்டுறதோ" என்று அம்மம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டார். அவர் மறுத்தது சரி. பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒரு சுண்டு மாவுக்கு வரிசையில் நின்றவர். கடைசியில் அரித்த தவிடு. நிறம் கொஞ்சம் வெளிறல், இருட்டில் தெரியவில்லை.

தண்ணீருக்குத் தறப்பாளை இரட்டையாக விரித்து, ஓரங்களைச் சுவருக்குப் பின்னால் மடித்து ஏற்றினேன். நாலு அங்குலத் தண்ணீர். இதில் ஒரே விதி: செட்டுக்குள் 230 வோல்ட் வயர் ஒன்றுகூட வரக்கூடாது. எல்லாம் 12 வோல்ட் பற்றரியில்.

வெளிச்சம்தான் எனக்கு அதிகம் கற்றுத்தந்தது. 1990 ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கிய பிறகு குடாநாட்டில் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அது நனையும் அளவுக்கு மண்ணெண்ணெய், சைக்கிள் வால்வுக் கட்டைக்குள் திரி, அதைத் தாங்க ஒரு கம்பி. போத்தலே சிமினி. அந்த விளக்கில் படித்து எங்கள் ஊரில் ஒரு தலைமுறையே சோதனை எழுதியது. நானும் ஒன்று செய்து செட்டில் கொளுத்தி வைத்தேன். மூன்று முகங்களும் பொன்னிறமாக மின்னின, மச்சானுக்கு மெத்தப் பிடித்துவிட்டது.

அம்மம்மா எட்டிப் பார்த்தார். "உதென்ன, கலியாண வீடே? ஹெலி நிக்கேக்கை ஆரடா உப்பிடி வெளிச்சம் வைப்பினம்?"

"அப்ப இருட்டுக்குள்ளையே இருந்தனீங்கள்?"

"குழந்தைப் பிள்ளை இருந்தால் விளக்கு வேணும். பால்மா தகரத்தை நெடுக்கை வெட்டி வாசல் பக்கம் மறைச்சு வைப்பம். சுவரிலை மட்டும் படும்."

அவர் சொன்னபடி தகரத்தை வெட்டி வைத்தோம். விளக்கு நேரே எவருக்கும் தெரியவில்லை. மண் சுவரில் பட்டுத் திரும்பிய செம்மையான வெளிச்சம் ஒரு கன்னத்தில், ஒரு கண்ணில், தண்ணீரில் ஒரு கோடாக. மற்றதெல்லாம் இருட்டு. பாம்பு எங்கேயும் இருக்கலாம். நான் ஒரு மாதமாகத் தேடியதை அம்மம்மா ஒரு பால்மா தகரத்தில் தந்துவிட்டார்.

மூடிய இடத்தில் மண்ணெண்ணெய் விளக்கை நெடுநேரம் எரிய விடுவது ஆபத்து. அதனால் அசல் விளக்கு தெரியும் ஷொட்டுகளில் மட்டும் அதைக் கொளுத்தினோம், நாலு நிமிடத்துக்கு மேல் இல்லை. ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒரு பக்கச் சுவரைக் கழற்றி மின்விசிறியை வெளியே வைத்துக் காற்றை மாற்றுவோம். மற்ற ஷொட்டுகளுக்குத் தகரத்துக்குப் பின்னால் ஒரு அடி நீள மஞ்சள் எல்.ஈ.டி நாடா, 2700 கெல்வின். அதை மங்கலாக்கவும் நடுங்க வைக்கவும் நிரல் எழுதி இயக்கும் சின்ன மின்னணுப் பலகை ஒன்று, ஆர்டுயினோ ஊனோ.

இதில் மூன்று சிக்கல் வந்தது. முதலாவது, ஊனோவுக்கும் நாடாவுக்கும் இடையில் மின் சுவிட்சாக நான் போட்ட ஐ.ஆர்.எஃப்.இசட் 44 மொஸ்ஃபெட் கொதித்தது. ஊனோ தரும் 5 வோல்ட்டுக்கு அது முழுதாகத் திறக்காது. ஐ.ஆர்.எல்.இசட் 44 ஆக மாற்றினேன், சூடு போய்விட்டது. இரண்டாவது, கமராவில் கறுப்புக் கோடுகள் ஓடின. எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் 25 ஃபிரேம், 1/50 ஷட்டரில் எடுத்தோம். அது சரி. ஆனால் ஊனோ சாதாரணமாக விளக்கை விநாடிக்கு 490 தடவைதான் அணைத்து ஏற்றும், கமராவின் சென்சார் வரிவரியாக வாசிக்கும்போது அது பட்டையாக விழும். ஊனோவின் ஒன்பதாம் பின்னுக்கு மாறி, அதை இயக்கும் 'டைமர் 1' இன் பிரிப்பானை 1 ஆக்கியதும் வேகம் விநாடிக்கு 31,000 தடவைக்கு மேல் போனது. கோடு ஒன்றும் இல்லை.

மூன்றாவது சிக்கல் மின்னியல் இல்லை. நான் எழுதிய நடுக்கம் பழுதான பல்ப் மாதிரி இருந்தது. அசல் விளக்கை அரை மணித்தியாலம் வீடியோ எடுத்துப் பார்த்தேன். விளக்கு சும்மா நடுங்காது. காற்றுப் படாவிட்டால் அசையாமல் எரியும். ஒரு ஆள் பெருமூச்சு விட்டாலோ, துணி அசைந்தாலோ, அப்போதுதான் ஒருக்கால் தாழ்ந்து எழும். எழுதிய நிரலை முழுக்க அழித்துவிட்டு, ரேடியோவில் சத்தம் கூட்டிக் குறைக்கும் திருகு ஒன்றைப் பொருத்தினேன். ஒவ்வொரு ஷொட்டிலும் நானே சுவருக்குப் பின்னால் குந்தியிருந்து, பேத்தியின் மூச்சைப் பார்த்துக்கொண்டு திருகினேன். அவள் மூச்சை அடக்கும் இடத்தில் வெளிச்சமும் அசையாது. படத்தில் எனக்கு மிகப் பிடித்தது அந்த இடம்தான்.

புடையன் ஒரு பழைய சைக்கிள் ரியூப். மூன்றரை அடி வெட்டி, மண் நிரப்பித் தண்ணீரில் போட்டால் அடியில் செத்துக் கிடந்தது. காற்றோடு விட்டால் விளையாட்டுச் சாமான். மூன்று அங்குலத்துக்கு ஒரு கட்டாக நூலால் கட்டி, ஒரு கண்ணியில் உமி, மறு கண்ணியில் கொஞ்சம் மணல் என்று மாற்றி மாற்றி நிரப்பினேன். பாதி மிதந்து பாதி தாழ்ந்து, உடம்பு வளைந்தது. தங்கூசி (நைலோன் நூல்) இரண்டு கட்டி இழுத்தோம். முதல் ஒத்திகையில் பேத்தியாக நடித்த பிள்ளையிடமே தங்கூசியைக் கொடுத்து இழுக்கச் சொன்னோம், என்ன நடக்கிறது என்று அவளுக்கு முழுதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக.

ஆனால் படத்தில் அந்த ரியூப் மூன்று விநாடிக்கும் குறைவாகத்தான் வருகிறது. மற்ற இடமெல்லாம் தண்ணீர் மட்டும். ஒரு சின்னக் குச்சியைத் தண்ணீருக்கு அடியால் இழுத்தால் மேலே ஒரு நெளிவு போகும். ஒளிக்கோடு அந்த நெளிவில் உடையும். பாம்பைக் காட்டியதைவிட அந்தக் கோடு உடைவதுதான் பயங்கரம்.

சீறல் சைக்கிள் பம்பில் எடுத்தது. வாயில் ஈரத்துணி சுற்றி, இழுக்கும்போது ஒன்று, தள்ளும்போது ஒன்று. புடையன் மூச்சு இழுத்து விடுவது போலவே வந்தது.

ஹெலிக்கு நாள் எடுத்தது. அந்தக் காலத்தில் இங்கே சுற்றியவற்றில் பெல் 212 முக்கியமானது. இரண்டு இறக்கை, நிமிடத்துக்கு ஏறத்தாழ 324 சுற்று, ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு அடிச் சத்தம். அதாவது விநாடிக்கு ஏறத்தாழப் பதினொன்று. ஈரச் சாக்கால் தென்னங்குற்றியில் ஒரு அடி அடித்து, அதைப் பதிவு செய்து, விநாடிக்குப் பதினொன்றாக அடுக்கினேன். அதோடு தோட்டத்து நீர் இறைக்கும் இயந்திரத்தின் சத்தத்தை மெதுவாக்கிச் சேர்த்தேன். கணினியில் கேட்டால் ஹெலிதான். படத்தோடு போட்டால் ஒட்டவில்லை, வெளியே நின்று கேட்பது போல இருந்தது.

அப்போதுதான் பின்வளவுக் குழி ஞாபகம் வந்தது. பங்குனியில் நன்றாகக் காய்ந்திருந்தது. சரிந்த பக்கத்தைத் தவிர்த்து, மேலே ஓரப் பலகைகளை அடுக்கி, இந்த முறை உரப்பைகளில் மண்ணே நிரப்பி வைத்தோம். உள்ளே ஆளில்லை, ஒலிவாங்கி மட்டும். பெரிய ஸ்பீக்கர் ஒன்றைச் சைக்கிள் கரியரில் கட்டி, ஒழுங்கையால் மச்சான் போய்ப் போய் வந்தான். மண் கூர்மையான சத்தத்தை எல்லாம் தின்றுவிட்டு அடியில் உள்ள தும்தும்மை மட்டும் உள்ளே விட்டது. வளைவில் திரும்பும்போது சத்தம் ஒரு கணம் காணாமல் போய்த் திரும்ப வந்தது. அது நாங்கள் திட்டமிட்டதல்ல.

அந்த ஒலியை அம்மம்மாவுக்குப் போட்டுக் காட்டலாமா என்று நெடுநேரம் யோசித்தோம். அவரே கேட்டார், அதனால் போட்டோம். கேட்டுக்கொண்டிருந்தவர் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். "சத்தம் சரி. ஆனால் இது நிக்கிற இடம் பிழை. சத்தம் நிண்ட உடனை ஒருத்தரும் எழும்ப மாட்டினம். போயிட்டுதோ, திரும்புதோ எண்டு தெரியாது. அந்த நேரம்தான் நெஞ்சு இடிக்கும்."

திரைக்கதையில் ஹெலி போனதும் சித்தப்பா உடனே எழும்பி வாசலுக்குப் போவார். அதைக் கழற்றினோம். ஒரு நாள் கூடுதலாகச் செட்டைப் பிடித்து, 31 அங்குல அகலத்தில், சத்தம் நின்ற பிறகு நாற்பது விநாடி மூவரும் அசையாமல் இருக்கும் ஒரே ஷொட்டை எடுத்தோம். வசனம் இல்லை, இசை இல்லை. தண்ணீரில் அந்த ஒளிக்கோடு மட்டும். திருகைப் பிடித்த என் கை அந்த நாற்பது விநாடியும் அசையவில்லை.

செட்டைக் கழற்றியாகிவிட்டது. உமியைப் பக்கத்து வீட்டுக் கோழிக்கூட்டுக்குக் கொடுத்தோம். நகரும் சுவர் மட்டும் மூன்று துண்டாகக் கொட்டிலின் மூலையில் சாத்தியிருக்கிறது. பின்வளவுக் குழியை அடுத்த மழைக்கு முன்னம் மூடச் சொல்லிப் பெரியப்பா நிற்கிறார். மூட முன்னம் ஒரு இரவு முழுக்க ஒலிவாங்கியை உள்ளே விட்டு, வெறும் அமைதியைப் பதிவு செய்து வைத்தேன். அதில் பல்லி ஒன்று, தூரத்து நாய் ஒன்று, விடியப்புறம் காங்கேசன்துறைப் பக்கம் போகும் ரயில்.